என்ஜிஓ காசும் எங்கள் போராட்டமும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் ஒரு போராட்டக் கொட்டகை போட்டால் இரண்டாம் நாளே கேள்வி வந்துவிடும்: "உதுக்கு ஆர் காசு குடுக்கினம்?" மாதர் சங்கக் கூட்டத்திலும் கமக்காரர் அமைப்பிலும் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகும் பஸ்ஸிலும் இதையும் இதையொட்டிய வேறு கேள்விகளையும் கேட்கிறார்கள். அவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். இலங்கையின் வடக்கே வன்னியில் அடங்கும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் ஊர்ச் சங்கங்களை நடத்துபவர்களுக்காகத்தான் இது முதன்மையாக.

போராட்டத்துக்கு வருகிறவர்கள் காசு வாங்கிக்கொண்டுதான் வருகிறார்களா?

இல்லை. இப்படிச் சொல்பவர்களிடம் இரணைதீவைப் பற்றிக் கேளுங்கள். 1992இல் இடம்பெயர்ந்த அந்த மக்கள், கடற்படை இருந்த தங்கள் தீவுக்குத் திரும்ப வேண்டும் என்று 2017 மே 1 அன்று இரணைமாதா நகரில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் யாரும் சரியான பதில் சொல்லவில்லை. 2018 ஏப்ரல் 23 அன்று படகுகளில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு தாங்களாகவே தீவில் போய் இறங்கினார்கள். படகு அவர்களுடையது, மண்ணெண்ணெய் அவர்களுடையது, அன்றைக்குத் தொழிலுக்குப் போகாததால் இழந்த வருமானமும் அவர்களுடையதுதான்.

கேப்பாப்புலவு, பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி இறுதியில் விமானப்படை முகாமின் வாசலில் உட்கார்ந்தபோதும் அப்படித்தான். குழந்தைகளோடு இரவிலும் பனியிலும் இருந்தார்கள். மார்ச் 1 அன்று பிலக்குடியிருப்புக் காணி விடுபட்டது. தன் வளவுக்குள் இன்னொருவன் முள்ளுக்கம்பி அடித்திருக்கும்போது வாசலில் போய் உட்கார யாரும் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

இந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்கு விளங்குகிறது. அரச சார்பற்ற நிறுவனங்கள் (என்ஜிஓ) வைக்கும் செயலமர்வுக்குப் போனால் வரவுத் தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டு போக்குவரத்துப் படி கொடுப்பார்கள். அதே பெண் மறுநாள் கொட்டகையில் இருப்பதைப் பார்ப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார். பஸ் காசு இல்லாமல் ஒரு விதவைத் தாய் துணுக்காயிலிருந்து நகரத்துக்கு வர முடியாது. அந்தப் படி அவருடைய வாயை விலைக்கு வாங்கிவிட்டது என்று சொல்வது அநியாயம்.

அப்படியென்றால் நிதியால் ஒன்றும் மாறுவதில்லையா?

நிறைய மாறுகிறது. ஆட்களைக் கொட்டகைக்குக் கொண்டுவருவது நிதி அல்ல. ஆனால் எந்தப் பிரச்சினைக்குச் சம்பளம் வாங்கும் ஊழியர் இருப்பார், எந்தப் பிரச்சினைக்குச் சட்டத்தரணி கிடைப்பார், எது ஜெனீவாவில் ஐநா வரை போகும், எது கிராம அலுவலரின் மேசையோடு நிற்கும் என்பதையெல்லாம் பெரும்பாலும் நிதிதான் தீர்மானிக்கிறது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 1920களில் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் பெரிய உரிமைச் சங்கம், தங்கள் ஆட்கள் கும்பல்களால் அடித்துக் கொல்லப்படுவதை நிறுத்துவதையே முதல் வேலையாகச் செய்துகொண்டிருந்தது. வெள்ளை இனத்தவர் நடத்திய ஒரு நிதியம் உதவ வந்தது. அது பள்ளிக்கூடங்களில் நிறப் பாகுபாட்டை எதிர்க்கும் வழக்குகளையே விரும்பியது. பணம் போன திசையில் சங்கத்தின் வேலையும் திரும்பியது என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். கல்வி வழக்குகளால் பெரிய நன்மை விளைந்தது உண்மை. ஆனால் உயிருக்குப் பயந்து வாழ்ந்தவர்கள் எதை முதலில் கேட்டார்கள் என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

வன்னியிலும் 2015க்குப் பிறகு இப்படி ஒன்று நடந்தது. அந்த ஆண்டு ஒக்டோபரில் ஐநா மனித உரிமைப் பேரவையில், போர்க்கால மீறல்களுக்குப் பொறுப்புக்கூறுவது பற்றிய 30/1 தீர்மானம் இலங்கை அரசின் இணை அனுசரணையோடு நிறைவேறியது. அதற்குப் பின் நிலைமாறுகால நீதி, அதாவது போருக்குப் பின் உண்மையும் நீதியும் இழப்பீடும் தேடும் வழிகள், பற்றிய செயலமர்வுகள் ஊர் ஊராக நடந்தன. அதில் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். எத்தனையோ தாய்மார் தங்கள் உரிமையின் பெயரையும் சட்டத்தின் பெயரையும் அங்கேதான் கற்றார்கள். ஆனால் அதே பெண்கள் அதே கிழமைகளில் வாராந்தக் கடன் கட்டுப்பணத்துக்கு வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குச் செயலமர்வு வைக்க அப்போது அதிகம் பேர் வரவில்லை.

ஒரு திட்டம் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன் என்ன நடக்கிறது?

ஊர்ச் சங்கங்களுக்குப் பெரும்பாலும் தெரியாத பகுதி இதுதான். கொடை கொடுக்கும் நாடோ அறக்கட்டளையோ முதலில் தன் கருப்பொருளை அறிவிக்கும்: நல்லிணக்கம், காலநிலை, பெண்கள் தலைமைத்துவம் என்று ஏதாவது. பிறகு ஒரு சர்வதேச நிறுவனமோ கொழும்பு நிறுவனமோ ஆங்கிலத்தில் முன்மொழிவு எழுதும். நிதி கிடைத்ததும் அதில் ஒரு பகுதி மாவட்டப் பங்காளி நிறுவனத்துக்கு வரும். கடைசியில் மாதர் சங்கத்துக்கு வருவது ஒரு கூட்டம், ஒரு பதாகை, சில வேளை ஒரு சிறு கொடுப்பனவு.

பங்காளி நிறுவனமொன்றின் வரவு செலவுத் தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இடப்பக்க நிரலில் திட்ட முகாமையாளர், கணக்கு உத்தியோகத்தர், வாகனம், எரிபொருள், அலுவலக வாடகை, மண்டபம், சிற்றுண்டி, வளவாளர் கொடுப்பனவு, பதாகை, அறிக்கை அச்சிடல், வெளிக் கணக்காய்வு என்று வரிசையாகப் போகும். ஊர்ப் பெண்களின் உழைப்புக்கு அதில் வரியே இருக்காது. ஆட்களைச் சேர்ப்பதும், வீடு வீடாகப் போய்ச் சொல்வதும், கதிரை எடுத்துவந்து அடுக்குவதும், கூட்டம் முடிந்து மண்டபம் கூட்டுவதும் அவர்கள்தான். அந்த வேலை 'சமூகப் பங்களிப்பு' என்ற தலைப்பில் போகும். சில தாள்களில் அதற்கு ஒரு பெறுமதி போட்டு, ஊர் கொடுத்த பங்காகவே கணக்கும் காட்டியிருப்பார்கள்.

காலம் இன்னொரு பிரச்சினை. திட்டம் பொதுவாக ஒன்றிரண்டு வருடத்துக்குத்தான். காணிப் பிரச்சினை முப்பது வருடம் போகும். வருட முடிவில் அறிக்கையில் எண்ணிக் காட்டக்கூடியது வேண்டும்: எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள், எத்தனை கூட்டம் நடந்தது. ஒரு தாய் பிரதேச செயலாளரின் முன் எழுந்து நின்று முதன்முதலாகக் கேள்வி கேட்டதை எந்த நிரலில் போடுவது? போட இடம் இல்லாததால் அது அறிக்கைக்கு வருவதில்லை. அறிக்கைக்கு வராததற்கு அடுத்த முறை நிதியும் வருவதில்லை.

கொடையாளரின் நாட்டுச் சட்டமும் கூடவே வரும். அமெரிக்காவின் தனியார் அறக்கட்டளைகள் சட்டமியற்றலில் செல்வாக்குச் செலுத்தவென்று பணம் ஒதுக்கினால் 1969ஆம் ஆண்டின் சட்டப்படி அதற்கு வரி கட்ட வேண்டும். 'அரசியல் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது' என்ற வரியை உங்கள் ஒப்பந்தத்தில் கண்டால், அது உங்களை நம்பாமல் போட்டது என்று நினைக்க வேண்டாம். ஆனால் அதற்கு என்ன பொருள் என்று கையெழுத்துக்கு முன்னமே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரதேச செயலாளருக்கு மகஜர் கொடுப்பது அதில் அடங்குமா? அவசியம் கேட்க வேண்டிய கேள்வி.

ஏன் எப்போது பார்த்தாலும் கோழிக்கூடும் தையல் மெசினும்தான்?

ஒரு காரணம் அரசு. 2009 மே மாதத்தில் வடக்குக்கான ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. தலைவர் அப்போதைய ஜனாதிபதியின் சகோதரர் பசில் ராஜபக்ச. வடக்கில் எந்த நிறுவனம் எந்தத் திட்டம் செய்வதானாலும் அந்தச் செயலணியின் அனுமதி வேண்டியிருந்தது. கட்டடம், வீதி, கால்நடை என்றால் அனுமதி கிடைத்தது. உளவள ஆதரவு, உரிமைப் பயிற்சி, அமைப்பாக்கம் என்றால் இழுபட்டது, அல்லது மறுக்கப்பட்டது. நிறுவனங்கள் கிடைப்பதைச் செய்யப் பழகிவிட்டன. பழக்கம் செயலணியை விட நீண்ட காலம் இருந்துவிட்டது.

நிறுவனங்களை யார் கட்டுப்படுத்துகிறார்கள்?

தொண்டு அமைப்புகளைப் பதிவுசெய்யும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டப்படி பலர் பதிகிறார்கள். வேறு சிலர் 2007ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தில் உத்தரவாதத்தால் மட்டுப்படுத்தப்பட்ட கம்பனியாகப் பதிகிறார்கள். அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் பல வருடங்கள் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. 2014 ஜூலையில் அந்தச் செயலகம், ஊடகச் சந்திப்பு நடத்தவோ ஊடகவியலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கவோ அறிக்கை வெளியிடவோ கூடாது என்று நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. கணக்கைக் கேட்பது அரசின் உரிமை. வாயை மூடச் சொல்வது வேறு விடயம். இந்த இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கலப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஊர்ப் பெண்கள் போராடி அரசின் கொள்கை எப்போதாவது மாறியிருக்கிறதா?

நுண்கடன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொடைப் பணம் எப்படி ஒரு பிரச்சினைக்கு வழியும் விட்டது என்பது இதில் தெரியும்.

போர் முடிந்து மீளக்குடியேறிய வேளை இந்திய அரசு 50,000 வீடுகள் அறிவித்தது. வடக்கு கிழக்கில் வீட்டுக்காரரே கட்டும் முறை. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. நல்ல திட்டம், வெளிப்படையாக நடந்த திட்டம். ஆனால் சீமெந்து, மணல், மேசன் கூலி எல்லாம் ஏற, அந்தக் காசுக்குள் வீடு முடியவில்லை. கூரையும் கதவும் போடக் கடன் வாங்கினார்கள். அதே காலத்தில் ஏ9 வீதியோரம் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் நுண்கடன் கம்பனிகளும் வரிசையாகத் திறந்தன. சம்பாதிக்கும் ஆண் இல்லாத வீடுகளுக்குப் பத்திரம் இல்லாமல், குழுக் கையொப்பத்தில் கடன் கொடுத்தார்கள். கிழமைக்கொரு முறை வசூலிப்பவர் மோட்டார் சைக்கிளில் வருவார். ஒருத்திக்குக் கட்ட முடியவில்லை என்றால் மற்றப் பெண்களை அங்கேயே உட்கார வைப்பார். கட்டும்வரை ஒருவரும் எழும்ப முடியாது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். தற்கொலைகளும் நடந்தன.

இதற்கெதிராக முதலில் எழுந்தவர்கள் மாதர் சங்கப் பெண்களும் கூட்டுறவுக்காரரும். 2017, 2018இல் ஊர்வலம் போனார்கள், மகஜர் கொடுத்தார்கள், வந்த ஆய்வாளர்களிடம் கடன் அட்டைகளை விரித்துக் காட்டினார்கள். 2018இல் இலங்கைக்கு வந்த ஐநா நிபுணர் யுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, ஆண்டு வட்டி 220 வீதம் வரை போகிறது என்று சொன்னார். அந்த ஆண்டில் நிதியமைச்சு, வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமல் போன 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யத் திட்டம் கொண்டுவந்தது. வட்டிக்கும் 35 வீத உச்சவரம்பு வந்தது.

போதுமா? போதாது. பதியாத கம்பனிகள் தப்பின. பல கடன் கம்பனிகளுக்குக் கடன் கொடுத்தவை, பெண்களை வலுவூட்டுகிறோம் என்று சொன்ன வெளிநாட்டு முதலீட்டு நிதியங்கள். ஆனாலும் பெரிய திட்டம் ஏதும் கையில் இல்லாத பெண்கள், கடன் அட்டையையே ஆதாரமாக வைத்து நிதியமைச்சை அசைத்தார்கள். வன்னியில் செயற்பாட்டின் வலிமை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் ஏன் நட்டஈட்டை மறுக்கிறார்கள்? காசு வேண்டாமா?

அவர்களுக்குக் காசு தேவை. பலர் நோயாளிகள், பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாக 2017 பெப்ரவரி 20 அன்று தொடர் போராட்டம் தொடங்கி இருந்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை.

அரசு கொடுத்த காசின் வரிசையைப் பாருங்கள். 2016இல் காணாமற்போனோர் அலுவலகச் சட்டம். பின்னர், ஆளைக் காணவில்லை என்று அரசு கொடுக்கும் 'காணப்படாமைச் சான்றிதழ்' வைத்திருப்போருக்கு மாதம் 6,000 ரூபா என்று 2019 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். 2022 மார்ச்சில் ஒரே தடவையாக 100,000 ரூபா கொடுக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது. பிள்ளையை இராணுவத்தின் கையில் ஒப்படைத்த தாய் கேட்டது "எங்கே?" என்று. அதற்குப் பதில் ஒரு இலட்சம் என்றால், வாங்கும் கையே வழக்கை மூடிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. நிவாரணம் கொடுப்பதால் விசாரணை முடியாது என்று சட்டத்தில் எழுதி, விசாரணையையும் நடத்திக் காட்டினால் இந்த மறுப்பு வந்திருக்காது.

புலம்பெயர் உறவுகளின் காசு?

வன்னியில் எத்தனையோ பிள்ளைகள் அந்தக் காசில் படித்தார்கள். அதற்கு நன்றி சொல்லாமல் இந்தப் பகுதியை எழுத முடியாது. ஆனால் இதற்குள்ளும் ஒரு சாய்வு உண்டு. கோயில், நினைவு நிகழ்வு, பாடசாலை, அவசர நிவாரணம் என்றால் உடனே வரும். ஒரு சட்டத்தரணியை மூன்று வருடம் வைத்திருக்க, ஓர் ஊர்ச் சங்கத்துக்கு எழுதுவினைஞர் ஒருவரை வைக்க யாரும் கொடுப்பதில்லை.

அப்புறம் பட்டியல் பிரச்சினை. 2014இல் அரசு 16 அமைப்புகளையும் 424 ஆட்களையும் தடைப்பட்டியலில் போட்டது; 2015இல் 8 அமைப்புகளை எடுத்தது; 2021இல் சிலவற்றை மறுபடி போட்டது; 2022இல் 6 அமைப்புகளை எடுத்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் பட்டியலும் மாறுகிறது. கனடாவிலிருந்து வரும் காசு இன்றைக்குச் சட்டப்படி சரி, நாளைக்குக் குற்றம். சங்கப் பொருளாளர் தன் சொந்தக் கணக்குக்குக் காசு வாங்கவே கூடாது. சங்கக் கணக்கு, பற்றுச்சீட்டு, அனுப்பியவரின் பெயர், நோக்கம் எழுதிய கடிதம் என்று எல்லாவற்றையும் வைத்திருங்கள். விசாரணைக்கு வருபவர் முதலில் கேட்பது அதுதான்.

ஏன் எல்லோரும் என்ஜிஓவை மட்டும் கேள்வி கேட்கிறார்கள்? அரசியல்வாதிகளின் காசு, கம்பனிகளின் காசு?

சரியான கேள்வி, இன்னும் சத்தமாகக் கேட்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி ஒவ்வொரு வேட்பாளரும் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் தன் வரவையும் செலவையும் ஒப்படைக்க வேண்டும். 2024இல் ஜனாதிபதித் தேர்தலுக்கும் பாராளுமன்றத் தேர்தலுக்கும் அது நடைமுறையில் இருந்தது. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் (மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டும்; கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது) ஆறு ஆசனம். அந்த ஆறு பேரின் கணக்கை எத்தனை சங்கம் பார்த்திருக்கிறது?

கம்பனி என்றால் அதானியின் காற்றாலையைப் பாருங்கள். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற். ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் வீதம் 20 வருடத்துக்கு வாங்க 2024 மே மாதத்தில் அமைச்சரவை ஒப்புக்கொண்டது. போட்டிக் கேள்விப்பத்திரம் (டெண்டர்) இல்லாமல் வந்த திட்டம். சூழலியல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின, மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். புதிய அரசு விலையை மீளப் பார்க்கத் தொடங்க, 2025 பெப்ரவரியில் கம்பனி விலகிக்கொண்டது. வழக்குப் போட்ட அமைப்புகளிடம் யார் காசு என்று கேட்டவர்கள், கேள்விப்பத்திரம் எங்கே என்று அமைச்சரிடம் கேட்கவில்லை.

நிறுவனத்தின் கணக்கை நாங்கள் கேட்க முடியுமா?

முடியும். பலருக்குத் தெரியாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசாங்கமோ வெளிநாட்டு அரசோ சர்வதேச அமைப்போ கணிசமாக நிதி கொடுக்கும், பொதுமக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனமும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது, அது செய்யும் சேவை பற்றிய தகவல் அளவில். தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கடிதத்தில் 'எல்லாத் தகவலும் தரவும்' என்று எழுதாதீர்கள். 'எங்கள் கிராம அலுவலர் பிரிவில் இன்ன வருடம் இன்ன திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை, பயனாளிகளைத் தெரிவுசெய்த அளவுகோல்' என்று கேளுங்கள். பிரதேச செயலகத்திடமும் அதையே கேளுங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மீதி விளங்கும்.

2025இல் அமெரிக்க நிதி நின்றபோது என்ன ஆனது?

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க ஜனாதிபதி வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தினார். ஜூலை 1 உடன் அந்நாட்டின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எயிட் தனியாக இயங்குவதை நிறுத்தியது. ஒரு கையெழுத்தில் பல நிறுவனங்களின் ஊழியர் வேலையிழந்தார்கள். கண்ணிவெடி அகற்றலும் பல வருடங்களாக அமெரிக்கா, ஜப்பான், பிரித்தானியா போன்ற நாடுகளின் காசில்தான் நடக்கிறது. முகமாலையிலும் முல்லைத்தீவிலும் வெயிலில் முழந்தாளிட்டு அந்த வேலையைச் செய்பவர்களில் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் நிறையப்பேர். இலங்கை 2017இல் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்து, 2028 ஜூனுக்குள் வெடி அகற்றி முடிப்பதாக ஒப்புக்கொண்ட நாடு. அந்தக் கடமைக்கான காசு வேறொரு நாட்டின் தேர்தல் முடிவில் தொங்கக் கூடாது. அது எங்கள் அரசின் வரவு செலவுத் திட்டத்தில் இருக்க வேண்டும்.

வன்னிக்கு இந்தப் பாடம் பழையது. 2008 செப்டெம்பரில் அரசு போகச் சொன்னதும் ஐநாவும் சர்வதேச நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டுப் போயின. போக வேண்டாம் என்று சனம் வாசலில் நின்று கெஞ்சியது. நிறுவனங்கள் மீதான எங்கள் ஆட்களின் அவநம்பிக்கையை விளங்கிக்கொள்ள விரும்புபவர் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

சரி, எங்கள் சங்கம் நிதி வாங்கலாமா, வேண்டாமா?

வாங்குங்கள், ஆனால் சந்தாவை நிறுத்தாதீர்கள். மாதம் ஐம்பதோ நூறோ, உறுப்பினர் கட்டும் காசு வங்கிப் புத்தகத்தில் தனியாக இருக்கட்டும். கச்சேரிக்குப் போகும் பஸ் காசு, மகஜர் தட்டச்சு, தகவல் உரிமைக் கடிதத்துக்கு முத்திரை, கொட்டகைக்குத் தேத்தண்ணி, இவை சந்தாவிலிருந்து போகட்டும். திட்டக் காசைத் திட்ட வேலைக்கு மட்டும் எடுங்கள்.

நிறுவனம் வந்து பேசும்போது முழு வரவு செலவுத் தாளையும் தமிழில் கேளுங்கள். உங்கள் ஊர் அதில் எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். கதிரை அடுக்கும் வேலைக்கும் ஆட்களைக் கூப்பிடும் வேலைக்கும் ஒரு வரி போடச் சொல்லுங்கள். கூட்டத்தில் எடுத்த படத்தை எங்கே போடுவார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காணி கேட்டு நிற்பவரின் முகம் பதாகையில் வந்தால் புலனாய்வுக்காரர் தேடிப்போவது அவருடைய வீட்டுக்குத்தான். வரவு செலவுத் தாளைத் தர மறுத்தால் அந்தக் கூட்டத்தை அன்றைக்கே முடித்து, அடுத்த கூட்டத்துக்குத் திகதி போடுங்கள். தாள் வந்த பிறகு பேசலாம்.